ஒரு கண்ணி நழுவினால்

கையால் பின்னிய ஸ்வெட்டரைப் பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். முன்பக்கம் ஊருக்குக் காட்டுவது. பின்னியவரின் கை தெரிவது உட்புறத்தில்தான். நூற்கண்டு எங்கே தீர்ந்தது, புது நூலை எந்த ஓரத்தில் சேர்த்தார், மிச்ச நுனியை எவ்வளவு தூரம் கண்ணிகளுக்குள் ஒளித்து ஓட்டினார், எங்கே கை தவறியது, தவறியதை எப்படி மீட்டார் என்பதெல்லாம் அங்கே எழுதி வைத்த மாதிரி இருக்கும். என் மடியில் கிடக்கும் மாதுளம்பூச் சிவப்பு ஸ்வெட்டர் அத்தை தன் பேரனுக்குப் பின்னியது. இதன் உட்புறத்தைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

தொண்டாமுத்தூரில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் மார்கழி விடியலில் இங்கே வந்து நிற்க வேண்டும். மேற்கே வெள்ளியங்கிரி மலைத்தொடர் மிக அருகில் இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தென்னையையும் பாக்கையும் ஆட்டிவிட்டு நேராக வாசலுக்குள் நுழையும். மகா சிவராத்திரி தொடங்கிச் சித்திரை வரை பூண்டி அடிவாரத்திலிருந்து இரவோடு இரவாக மலையேறுகிறவர்களிடம் கேட்டால், மூங்கில் தடிக்கு அடுத்தபடி ஸ்வெட்டரைத்தான் சொல்வார்கள். ஏழாவது மலையின் குளிர் அப்படி.

பின்னலின் அடிப்படை மிக எளியது. ஒரே நூல். அந்த நூலை வளைத்து ஒரு கண்ணி, அந்தக் கண்ணிக்குள்ளிருந்து இன்னொரு கண்ணி, அதற்குள்ளிருந்து மற்றொன்று. எங்கும் முடிச்சே கிடையாது. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு மேலே இருக்கும் கண்ணியை நம்பித்தான் நிற்கிறது. வரிசையில் கடைசியாகப் போட்ட கண்ணிகள் மட்டும் ஊசியில் திறந்த வாயோடு காத்திருக்கும். முன்பக்கம் நிட், திரும்பி வரும்போது பர்ல் என்று பின்னிக்கொண்டே போனால், முன்பக்கத்தில் சிறுசிறு கூர்முனைகள் கீழ்நோக்கி அடுக்கியதுபோல் வழவழவென்று தூண்கள் எழும். பின்பக்கத்தில் குறுக்கே மேடு மேடாக ஓடும். இரண்டும் ஒரே கண்ணியின் முகமும் முதுகும்.

முடிச்சு இல்லாத இந்த அமைப்பே பின்னலின் ஆபத்து. அதன் பெருந்தன்மையும் இதுதான். ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் போதும். கீழே இருப்பது அவிழும், அதற்குக் கீழே இருப்பதும் அவிழும். சடசடவென்று ஒரு தூண் முழுவதும் இறங்கி, இரண்டு பக்கத் தூண்களுக்கு நடுவே வெறும் குறுக்கு இழைகள் மட்டும் ஏணிப்படிகளாகத் தொங்கும். புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு அப்போது நெஞ்சு அடைக்கும். அத்தையிடம் பின்னல் கற்க வரும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை அப்படித்தான் பதறினாள்.

"ஐயோ, மொத்தமும் போச்சுங்க அத்தை!"

"எங்க கண்ணு போகுது? நூலு அங்கதான இருக்குது. இழுக்காம கொண்டா."

அந்த 'இழுக்காம' என்பதில் பாதி வித்தை இருக்கிறது. அத்தை குரோஷா ஊசியை எடுத்து, அடியில் தவித்துக்கொண்டிருந்த கண்ணிக்குள் முன்பக்கமாக நுழைத்தார். அதற்கு நேர் மேலே இருந்த படியைக் கொக்கியில் பிடித்துக் கண்ணி வழியே வெளியே இழுத்தார். ஒரு வரிசை மீண்டது. அடுத்த படி, அடுத்த கண்ணி. படிகளை வரிசை தப்பாமல் எடுக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் முதுகுப் பக்கத்தில் ஓர் இழை தளர்ந்து தொங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். இறங்கிய வேகத்துக்கு எதிராக, நிதானமாக அந்தத் தூண் மேலே ஏறி மறுபடி ஊசியில் உட்கார்ந்தது. அதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் சந்தோஷம் சின்னதல்ல. நடந்த விபத்துக்குத் தடயமே இல்லை. கூர்ந்து பார்த்தால் அந்தத் தூண் மட்டும் பக்கத்துத் தூண்களைவிடக் கொஞ்சம் இறுக்கம். அதையும் அத்தை விடமாட்டார். ஊசி முனையால் இந்தப் பக்கக் கண்ணியிலிருந்து துளி நூல், அந்தப் பக்கத்திலிருந்து துளி நூல் என்று கடன் வாங்கிச் சமன் செய்வார்.

தொண்டாமுத்தூர்ப் பக்கத்து ஓடைகளை வாங்கிக்கொண்டு ஓடும் நொய்யல், கோவையைக் கடந்து திருப்பூருக்குப் போகிறது. நாட்டின் பனியன் நகரம் அது. அங்கே சுழலும் வட்டப் பின்னல் மெஷினில், 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசியும் என்றால், 2,200க்கு மேற்பட்ட ஊசிகள் ஒரே வளையத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கொக்கி, அதை மூடித் திறக்க மிகச் சிறிய தாழ். அந்தத் தாழைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது அத்தையின் கையிலிருக்கும் குரோஷா ஊசிதான். வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் முதல் பொறியை 1589இல் செய்தார். அதற்கு இரண்டரை நூற்றாண்டுகள் கழித்துத்தான் இந்தத் தாழ் ஊசி வந்தது. நழுவிய கண்ணியை மீட்கக் கை செய்யும் அசைவும் துணி உருவாக்க மெஷின் செய்யும் அசைவும் ஒன்றே என்பது எனக்குப் பெரிய அழகாகப் படுகிறது. ஆனால் மெஷினில் ஓர் ஊசியின் தாழ் உடைந்தால், யாராவது கவனிக்கும்வரை அந்தக் கோடு மீட்டர் கணக்கில் ஓடிவிடும். செக்கிங் மேசையில் விளக்கடியில் நிற்கும் பெண்களின் கண்ணுக்கு அது தப்பாது. தப்பாவிட்டாலும் அவர்களால் அதை ஒதுக்கத்தான் முடியும்.

கையில் பின்னுகிறவருக்கு வேறொரு வாய்ப்பு இருக்கிறது. தவறு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு வேண்டிய அளவு மட்டும் அவிழ்க்கலாம். இந்த மதிப்பீட்டைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். இப்போது பின்னும் வரிசையிலேயே தவறு என்றால், பின்னிய வழியே ஒவ்வொரு கண்ணியாகத் திரும்பி வந்தால் போதும். பத்து வரிசைக்குக் கீழே நிட் வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு பர்ல் விழுந்து மேடு தட்டுகிறதா? முழு வரிசைகளையும் பிரிக்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணிக்கு நேர் மேலே ஊசியில் இருக்கும் கண்ணியை வேண்டுமென்றே நழுவ விட வேண்டும். புதியவர்களைப் பதற வைக்கும் அதே விபத்தை, தேர்ந்தவர் தானே வரவழைத்து, தவறு இருக்கும் படி வரைக்கும் இறக்கி, அங்கே நிறுத்தி, திருத்தி, மேலே கொண்டுவருகிறார். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

என் மடியிலிருக்கும் ஸ்வெட்டரின் நடுவே ஒரு முறுக்குக் கயிறு போன்ற டிசைன் ஏறுகிறது. ஆறு கண்ணி அகலம். மூன்றைக் குட்டை ஊசியில் வாங்கி முன்னால் நிறுத்தி, அடுத்த மூன்றை முதலில் பின்னி, பிறகு நின்றவற்றைப் பின்னினால் கயிறு ஒரு பக்கம் சாயும். பின்னால் நிறுத்தினால் எதிர்ப் பக்கம் சாயும். நான்காவது முறுக்கில் அத்தை மறந்துபோய்ப் பின்னால் நிறுத்திவிட்டார். இரண்டு முறுக்கு மேலே போன பிறகுதான் கண்ணில் பட்டது. அந்த ஆறு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து எடுத்து, தவறிய வரிசைவரை இறக்கினார். இரு பக்கமும் துணி முழுசாக நிற்க, நடுவில் ஒரு சன்னல் திறந்து சிவப்பு இழைகள் குறுக்கே தளர்ந்து கிடந்தன. இரண்டு குட்டை ஊசிகளால், ஒவ்வொரு இழையையும் அதனதன் வரிசைக்கு எடுத்து அந்த ஆறையும் மறுபடி பின்னினார். முன்பக்கத்தில் அந்த முறுக்கைக் கண்டுபிடிக்க முடியாது. உட்புறத்தில் மட்டும் ஓரக் கண்ணி இரண்டு சற்றே நீண்டிருக்கின்றன. விரல் வைத்தால் தெரியும்.

இன்னும் நுட்பமான தவறு கண்ணியின் கால் மாறுவது. ஊசியில் ஏறியிருக்கும் கண்ணிக்கு இரண்டு கால்கள். வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். அவிழ்த்து மறுபடி ஊசியில் கோக்கும்போது சில கண்ணிகள் திரும்பி உட்கார்ந்துவிடும். அப்படியே பின்னினால் அடியில் கால்கள் குறுக்கிட்டு, அந்த இடம் கட்டைபோல் இறுகும். கண்டுகொண்டால் பரிகாரம் சுலபம், பின்காலில் ஊசி நுழைத்துப் பின்னினால் நேராகிவிடும். அத்தை இதை நின்று பார்ப்பதில்லை. ஊசி முனை நுழையும் கணத்திலேயே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

பிரிக்கத்தான் வேண்டும் என்ற தவறுகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கணக்கில் பிறப்பவை. அங்குலத்துக்கு 5 கண்ணி என்று நினைத்து 24 அங்குலச் சுற்றளவுக்கு 120 கண்ணி போடுகிறோம். கை கொஞ்சம் இறுக்கமாக ஓடி அங்குலத்துக்கு ஐந்தரை விழுந்தால் ஸ்வெட்டர் 22 அங்குலத்துக்கும் குறைவாகிவிடும். குழந்தைக்கு மாட்டாது. அதனால்தான் அத்தை முதலில் உள்ளங்கையளவு துண்டு ஒன்றைப் பின்னித் துவைத்துக் காயவைத்து அளப்பார். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை, பிறகு முழுவதையும் பிரிக்கிறார்கள். பிரித்த நூல் நூடுல்ஸ் போலச் சுருண்டிருக்கும். உடனே பின்னினால் கண்ணிகள் கோணும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட வேண்டும். கஷ்டமான டிசைனுக்கு முன்னால், முடித்த வரிசையின் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் வேறு நிறத் தையல் நூல் ஒன்றைக் கோத்துவைப்பதும் உண்டு. என்ன தவறினாலும் அந்த நூலுக்குக் கீழே அவிழாது.

குரோஷாவில் இந்த மாதிரிச் சலுகை கிடையாது. அங்கே எப்போதும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி, மற்றவை மூடப்பட்டுவிட்டன. கொக்கி தவறினாலும் துணி ஏணியாக இறங்காது. ஆனால் பத்து வரிசைக்குக் கீழே தவறென்றால், நடுவில் ஒரு தூணை மட்டும் இறக்கித் திருத்த வழியில்லை, அதுவரை எல்லாவற்றையும் உருவ வேண்டும். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அத்தனை கைகள் தனித்தனியே செய்த துண்டுகளை ஒன்றாக இணைத்தது அது. துண்டு துண்டாகச் செய்வதில் ஒரு ஞானம் இருக்கிறது. தவறு ஒரு துண்டோடு நின்றுவிடும்.

தறியில் இது வேறு கதை. நெகமத்திலும் சிறுமுகையிலும் பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் முடி போட்டு இணைத்துவிட்டு மேலே போகிறார். அந்த முடியின் சிறுமையில் அவருடைய தேர்ச்சி இருக்கிறது. பின்னலில் முடி போடுவது கேவலம் என்பது அத்தையின் கட்சி. புது நூலை ஓரத்தில் சேர்த்து நுனியை உள்ளே ஓட்டுவாரே தவிர நடுவில் முடிய மாட்டார். நானும் அதே கட்சிதான். முதுகில் உறுத்தும் ஒரு முடிச்சு, குழந்தையின் தோலுக்குத் தெரியும்.

நூலும் பேசும். கடையில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். அதுவும் கம்பளியும் துள்ளும் இயல்புள்ளவை. கண்ணிகள் கொஞ்சம் ஏறுமாறாக இருந்தாலும் தமக்குள் அனுசரித்துக்கொள்ளும். பருத்தி அப்படியல்ல. 1888இல் ஸ்டேன்ஸ் துரை ஆலை வைத்ததிலிருந்து பருத்தி நூலோடு வாழும் ஊர் கோவை. இந்தியாவின் மிக நீண்ட இழைப் பருத்தி ரகங்களில் ஒன்றான சுவின், இங்கே உருவாக்கப்பட்டு 1974இல் வெளிவந்தது. ஆனால் பருத்தி நூலில் கையால் பின்னிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எதையும் மன்னிக்காது. இழுத்த இடத்தில் நிற்கும், தளர்ந்தது தளர்ந்தபடியே இருக்கும். எகிப்தில் கிடைத்த இடைக்காலப் பின்னல் காலுறைகள் நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில் செய்தவை. கால் வழியே சுற்றி ஏறும் அந்த டிசைன்களின் படங்களைப் பார்க்கும்போது, பின்னியவர் யாராக இருந்தாலும் கை எவ்வளவு நிதானமானது என்று வியக்காமல் இருக்க முடிவதில்லை.

மறுபடி சிவப்பு ஸ்வெட்டருக்கு வருகிறேன். இடுப்புப் பட்டை 10ஆம் நம்பர் ஊசியில், ஒரு நிட் ஒரு பர்ல் என்று நெருக்கமாக ஓடுகிறது. உடம்பு 8ஆம் நம்பரில் இளகி விரிகிறது. தோளுக்கு ஏறும்போது இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்துக் குறைத்திருக்கிறார். வலப்பக்கக் குறைப்புகள் இடப்பக்கம் சாய்கின்றன, இடப்பக்கத்தவை வலப்பக்கம். எல்லாம் கழுத்தைப் பார்த்து நிற்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைத்திருந்தால் வேலை சுலபம், யாரும் கேட்கவும் போவதில்லை. கழுத்தை முடிக்கும்போது மட்டும் தடித்த ஊசிக்கு மாறி இளக்கமாக மூடியிருக்கிறார். குழந்தையின் தலை அழாமல் நுழைய வேண்டுமே.

கைகளைத் தோளில் கண்ணி எடுத்து மேலிருந்து கீழாகப் பின்னியிருக்கிறார். அதன் காரணம் இந்த ஆண்டுதான் எனக்குப் புரிந்தது. பேரன் வளர்ந்துவிட்டான், கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. கீழிருந்து பின்னியிருந்தால் நீட்டுவது பெரும்பாடு. இப்போது முனையை அவிழ்த்து, பட்டையை மட்டும் உருவி, கண்ணிகளை ஊசியில் வாங்கிக்கொண்டால் போதும். கடையில் அதே சிவப்பு கிடைத்தது. சாயத் தொகுதி வேறு, ஒரு பிடி மங்கல். அருகருகே வைத்தால் தெரியும். அதனால் அத்தை இரண்டு கைகளிலும் முதலில் இரண்டு வரிசை வெள்ளை ஓட்டியிருக்கிறார். அதற்குக் கீழே புதுச் சிவப்பு தொடங்குகிறது. வலது கை முடிந்துவிட்டது. இடது கையில் இன்னும் பட்டை பாக்கி. நேற்று அதில் ஒரு கண்ணி அதிகம் என்று எண்ணிக் கண்டுபிடித்து, எங்கே நூல் தவறி ஊசியில் ஏறியது என்று தேடிக்கொண்டிருந்தார்.