மெட்டும் ஓர் உரையே: அன்னமாச்சாரியார் சங்கீர்த்தனங்களை முன்வைத்து

முன்னுரை

தமிழ்கூறும் நல்லுலகின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டும் வேங்கடம், தமிழும் தெலுங்கும் ஒருங்கே பாடிய மலையாகும். ஆழ்வார்கள் பாசுரங்களால் போற்றிய அம்மலையைத் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) தெலுங்குச் சங்கீர்த்தனங்களால் போற்றினார். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பதி, 2022-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. நிருவாக எல்லைகள் மாறினும் இருமொழி இசைமரபு அங்குத் தொடர்கிறது. கேட்டவுடன் மனத்தில் பதியும் மெட்டு பாடலின் உணர்ச்சியை எவ்வாறு புலப்படுத்துகிறது என்பதை அச்சங்கீர்த்தனங்கள் இரண்டின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

செப்பேடு காத்ததும் காவாததும்

அன்னமாச்சாரியார் முப்பத்தீராயிரம் பாடல்கள் இயற்றினார் என்பது மரபு. திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகளின்வழி ஏறத்தாழப் பன்னீராயிரம் பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. பாடல்களின் தலைப்பில் இராகப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. எனினும் மிகப்பெரும்பான்மையானவற்றுக்குச் சுரக்குறிப்பு இல்லை. பாடல் நின்றது, பாடிய முறை மறைந்தது. தேவாரப் பண்முறைகளும் ஒருகாலத்தில் மறைந்து, திருஎருக்கத்தம்புலியூர்ப் பாணர் மரபில் வந்த பெண் ஒருவரால் மீண்டும் வகுக்கப்பெற்றன எனத் திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தி இவ்விடத்து ஒப்புநோக்கத் தக்கது.

இன்று நாம் கேட்கும் அன்னமாச்சாரியார் மெட்டுகளில் மிகப்பல, இருபதாம் நூற்றாண்டில் இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979), நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி (1927–2014) முதலியோர் அமைத்தவை. அவற்றுள் சில, செப்பேடு குறிக்கும் இராகத்தினின்று வேறான இராகத்தில் அமைந்தன. இதனை மூலத்துக்குச் செய்த பிழை என்று ஒதுக்குவதா, புதிய படைப்பு என்று கொண்டாடுவதா? இரண்டும் முழுமையான மதிப்பீடாகா. மெட்டமைப்பாளரை உரையாசிரியராகக் கொள்வதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு. உரையாசிரியர் மூலத்தை மாற்றுவதில்லை. அதன் பல பொருள்களுள் ஒன்றைத் தெரிந்து விளக்குகிறார். அவருரை ஏற்கவும் மறுக்கவும் படும்.

இரு சான்றுகள்

யசோதையின் முற்றத்தில் விளையாடும் கண்ணனை முத்தாகத் தொடங்கி ஒவ்வொரு மணியாகக் காண்பது ‘முத்துகாரே யசோத’ என்னும் பாடல். பெரியாழ்வார் தாலாட்டில் மணிகள் குழந்தைக்குரிய தொட்டிலை அணிசெய்கின்றன; இங்கோ குழந்தையே மணியாகிறது. இப்பாடல் இன்று பரவலாகக் குறிஞ்சி இராகத்தில் பாடப்பெறுகிறது. (ஓதுவார்கள் அரிகாம்போதியில் பாடும் குறிஞ்சிப்பண் வேறு.) குறிஞ்சி இராகம் கீழ் நிடாதத்துக்கும் தைவதத்துக்கும் இடையே ஒரு தாயத்துக்குள் அடங்குவது, மேல் சட்சத்தை எட்டாதது. பயிற்சியில்லாக் குரலும் அதனை எளிதில் பாடும். மெட்டு மனத்தில் பதிவதற்கு இவ்வெளிமை ஒரு காரணம். அவ்வெளிமையே இங்குப் பொருளுமாகிறது. கம்சனுக்கு வயிரமாகவும் வேங்கடமலையில் இந்திரநீலமாகவும் விளங்குபவனை, மெட்டு மடிக்குழந்தையின் அளவிலேயே நிறுத்துகிறது. பெருமை சொல்லிலும் அணுக்கம் இசையிலும் நிற்பதால் உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுகிறது.

இரண்டாவது ‘நானாடி பதுகு’. அன்றாட வாழ்வை நாடகமாகவும், கண்முன் இருந்தும் காணாத ஒன்றைக் கைவல்யமாகவும் உரைக்கும் பாடல் இது. பல்லவியின் முதற்சொல்லும் நாடகத்தைக் குறிக்கும் சொல்லும் ‘நா’ என்னும் நெடிலில் மோனை பெறுகின்றன. நாடகம், கைவல்யம் என்பன அடியிறுதிகளில் மீள மீள வருகின்றன. எங்கு நீட்ட வேண்டும், எங்குத் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்லமைப்பே மெட்டமைப்பாளருக்கு உணர்த்திவிடுகிறது. நேதுநூரி இதனை ரேவதியில் அமைத்தார். காந்தாரமும் தைவதமும் இல்லாத ஐந்து சுர இராகம் அது. சுத்த ரிடபத்தினின்று மத்திமத்துக்குச் செல்லும் இடைவெளி, நிறைவுறாத ஏக்கத்தைச் செவிக்கு உணர்த்துகிறது; வேத ஓசையை நினைவூட்டும் அதன் இயல்பு துறவுணர்வை வலுப்படுத்துகிறது.

ஆயினும் இது ஓர் உரையே. இப்பாடலின் இறுதிச் சரணத்தில் சிரிப்பைக் குறிக்கும் சொல் உண்டு. உலகை நாடகமென்று கண்டவன் வருந்துவதுபோலவே நகைக்கவும் கூடும். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். ரேவதி மெட்டு அந்நகையை அடக்கி, பின்னையோர் ஒன்பதாவதாகக் கொண்ட நடுவுநிலையை மேலோங்கச் செய்கிறது. அதன் வெற்றி அத்துணைப் பெரிதாதலின், பாடலுக்கு வேறு பொருள் உண்டென்பதே நமக்குத் தோன்றுவதில்லை. மனத்தில் பதிந்த மெட்டின் ஆற்றலும் இடரும் இதுவே.

முடிவுரை

இராகத்தின் பெயர் மட்டுமே உணர்ச்சியைத் தருவதில்லை. சொல்லின் நெடில்களை மதிக்கும் நீட்டம், பல்லவி மீளுமிடத்தின் பொருத்தம், பொருளுக்கேற்ற குரலெல்லை ஆகிய மூன்றும் இயையும்போதே மெட்டு பதிகிறது, பொருளும் புலனாகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் வண்ணம் இருபது என வகுத்தது, ஓசையும் செய்யுளின் உறுப்பே என்பதனால்தான். நம் வகுப்பறைகளிலோ பாசுரமும் தேவாரமும் கீர்த்தனையும் பெரும்பாலும் அச்சிட்ட சொற்களாகவே பயிலப்படுகின்றன. பண் தலைப்பை மாணவர் மனனம் செய்கின்றனர், பண்ணைக் கேட்பதில்லை. பரிமேலழகர் உரையோடு மணக்குடவர் உரையை ஒப்பிடப் பயிற்றும் நாம், ஒரு பாடலின் இரு மெட்டுகளை ஒப்பிடவும் பயிற்றுதல் வேண்டும். அன்றேல், இசைப்பாடலின் ஒரு பாதியை மட்டும் படித்து அதனையே முழுமையெனத் திறனாய்வு செய்தவராவோம்.