ஸ்டீமிட்: வாக்கின் எடையும் எழுத்தின் தரமும்

ஸ்டீமிட், எழுதுபவருக்கு ஸ்டீம் என்ற கிரிப்டோ நாணயத்தில் சன்மானம் தரும் வலைப்பதிவுத் தளம். நெட் ஸ்காட்டும் டான் லாரிமரும் 2016இல் தொடங்கியது. எழுதும் பக்கத்தில் தலைப்பு, உரை, குறிச்சொற்கள் தவிரக் குழப்பும்படி எதுவும் இல்லை. பதிவை வெளியிட்டதும் அடியில் ஒரு டாலர் தொகை தோன்றி, வாக்கு விழ விழ ஏறுகிறது. பக்கத்திலேயே வாக்களித்தவர்களின் பட்டியலும் விரிகிறது.

தளத்தின் குணத்தை அந்தப் பட்டியலே காட்டிவிடுகிறது. நூறு பேர் வாக்களித்தும் சில சென்ட்டுகளே சேர்ந்த பதிவு உண்டு. பெரிய கணக்கு ஒன்று தொட்டதாலேயே பல டாலருக்கு ஏறிய பதிவும் உண்டு. வாக்களிப்பவர் எவ்வளவு ஸ்டீமை ‘ஸ்டீம் பவர்’ ஆக முடக்கி வைத்திருக்கிறாரோ, அவ்வளவுதான் அவர் வாக்குக்கு எடை. ஒவ்வொரு முழு வாக்குக்கும் அவருடைய வாக்குவலிமையில் 2 சதவீதம் குறைகிறது. ஒரு நாளில் 20 சதவீதம் திரும்ப ஊறுகிறது. ஆக, நாளுக்குச் சுமார் பத்து முழு வாக்குகள். வாக்கை அள்ளி வீசாமல் படித்துப் போட வைக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் ட்ரெண்டிங் பக்கத்தில் முன்னே வரவும் இதே எடைதான் வேண்டும். பணத்துக்கு வாக்கு விற்கும் தானியங்கிக் கணக்குகள் (பாட்கள்) பெருகியபோது, அந்தப் பக்கம் விளம்பரப் பலகையாகிவிட்டது.

2019 ஆகஸ்டில் விதிகள் மாறின. அதுவரை பதிவின் வருமானத்தில் எழுதியவருக்கு 75, வாக்களித்தவர்களுக்கு 25 சதவீதம் என்றிருந்த பங்கு சரிபாதியானது. தனக்குச் செலவில்லாமல், பதிவின் வருமானத்தைக் குறைக்கும் எதிர்வாக்குப் போடவும் ஓர் ஒதுக்கீடு கிடைத்தது. வாக்கு விற்பனைக்கு அது சரியான அடி. ஆனாலும் சிறிய கணக்குக்காரர் பெரிய கணக்கை எதிர்த்து வாக்களிக்கத் தயங்குவார். பதிலடி விழுந்தால் அவருடைய பதிவின் வருமானம் அப்படியே கரைந்துவிடும்.

இத்தளத்தின் மிகப் பெரிய குறை ஏழு நாள் கெடு. பதிவு வெளியான ஏழாம் நாளோடு அதன் வருமானம் முடிகிறது. ஒரு கோயில் கல்வெட்டைப் பற்றி உழைத்து எழுதிய கட்டுரையை அடுத்த வருடம் ஆயிரம் பேர் தேடி வந்து படித்தாலும், எழுதியவருக்கு அதனால் காசு வராது. தினம் ஒரு படமும் நான்கு வரியும் போடுபவருக்கே இந்தக் கணக்கு தோது. நின்று பேசும் எழுத்துக்கு இது அநியாயம்.

ட்ரான் என்ற கிரிப்டோ வலையமைப்பின் நிறுவனர் ஜஸ்டின் சன் 2020 பிப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அதை ஏற்காத பயனர்களில் ஒரு பெரும் பிரிவு அடுத்த மாதமே ஹைவ் என்ற தனி பிளாக்செயினாகப் பிரிந்தது. வாக்கின் எடையும் ஏழு நாள் கெடுவும் அங்கேயும் தொடர்கின்றன. கியூரி போன்ற குழுக்கள் கவனம் பெறாத புதியவர்களின் நல்ல பதிவுகளைத் தேடிப் படித்து வாக்களித்ததுதான் இந்த அமைப்பில் தரத்துக்குக் கிடைத்த உண்மையான ஆதரவு. இரண்டு தளங்களிலும் புதிதாகச் சேருபவர் தமக்கு ஈடுபாடுள்ள ஒரு சமூகக் குழுவில் எழுதத் தொடங்குவதே நல்லது. கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவதும் அவசியம்; அது தொலைந்தால் வேறொன்று கேட்டு வாங்க வழியில்லை.