பலர் கைப்பட்ட மடல்

முதல் உலக யுத்தத்தில், 1914ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் பிரான்ஸ் தேசத்து மார்செய் துறைமுகத்தில் சென்றிறங்கத் தொடங்கிய இந்தியச் சிப்பாய்களுள் பெரும்பாலோர், பஞ்சாபின் உழவர் குடிகளிலும் கர்வால் போன்ற மலைநாட்டுக் கிராமங்களிலும் பிறந்து, எழுத்தறிவு வாய்க்கப் பெறாதவர்களாயிருந்தும், அடுத்த மார்ச்சு மாதத்துக்குள் வாரத்துக்கு 10,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் அவர்களிடமிருந்து தாயகத்துக்குப் புறப்படலாயின. அவற்றுள் மனைவியைக் கருதி விடுத்த மடல், எந்த அளவுக்குக் கணவனுடைய மடலாகவே அவளிடம் போய்ச் சேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

அதன் பிரயோஜனம் பெரிது என்பதில் ஐயமில்லை. 1915 மார்ச்சில் நவ்ஷப்பேல் போர்க்களத்தில் சில தினங்களுக்குள் இந்தியப் படையினர் ஆயிரக்கணக்கில் மாண்டும் புண்பட்டும் வீழ்ந்த பின்னர், கணவன் ஜீவித்திருக்கிறான் என்று அறிவித்த ஓர் ஓலையைவிடச் சிறந்த கொடை அவளுக்கு எதுவாக இருந்திருக்க முடியும்? சம்பளப் பணம், நிலம், கடன், பிள்ளையின் படிப்பு ஆகிய விவகாரங்களில், கடலுக்கு அப்பாலிருந்தும் இல்லறக் கடமையை விடாது நடத்துவதற்கு அவனுக்கிருந்த சாதனமும் அதுவே.

ஆனால் அவன் சொல்ல, வேறொருவன் எழுத, படைப்பிரிவின் அதிகாரி பார்வையிட, பின்னர் ஹோவல் என்ற அதிகாரியின் தலைமையில் பூலோன் நகரில் இயங்கிய தணிக்கை அலுவலகம் பரிசீலிக்க, ஊரில் எழுத்தறிந்த ஒருவர் வீட்டார் நடுவே உரக்கப் படிக்க, இத்தனை பேரைக் கடந்து செவியில் விழுந்த வாசகத்தில் தாம்பத்தியத்தின் அந்தரங்கம் எங்ஙனம் தங்கும்? இந்தியப் படையைக் கருமிளகு என்றும் ஆங்கிலப் படையைச் செம்மிளகு என்றும் குறித்து, கருமிளகு தீர்ந்து வருகிறதென்று எழுதிய சாமர்த்தியம் போர்ச்செய்தியை மறைத்துக் கடத்த உதவிற்றேயன்றி, மனைவியிடம் மனம் திறக்க உதவவில்லை; அச்சத்தையும் ஏக்கத்தையும் கூறுவதற்கு மறைமொழி போதாது, தனிமை வேண்டும்.

இன்னொரு குறை நம்மைச் சார்ந்தது. மூலக் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை மறைந்துவிட, இன்று லண்டன் நகரில் எஞ்சியிருப்பவை தணிக்கையாளர் ஆங்கிலத்தில் பெயர்த்தெடுத்த பகுதிகளே. படையின் மனோநிலையை அறியும் பொருட்டு அவர்கள் தேர்ந்தவையாதலால், அந்நோக்கத்துக்கு உதவாத அன்புரைகள் எத்தனையோ பிரதி செய்யப்படாமலே போயிருக்கும். மனைவியரின் குரலோ அத்தொகுதியில் மிக அரிதாகவே ஒலிக்கிறது. எனவே, இவற்றில் காதல் மொழி குறைவென்று கண்டு அச்சிப்பாய்களுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று தீர்ப்பது பெரும் அநீதியாகும்.

குடும்பத்தைக் காத்த அம்மடல், கணவனும் மனைவியும் தனித்துப் பேசும் உரிமையைக் காக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். தணிக்கை யுத்தத்தோடு தோன்றி யுத்தத்தோடு ஒழிவது; மனைவியின் எழுத்தறியாமையோ அதற்கு முன்பே நம் சமூகம் அவள்மீது சுமத்தியது. பிரெஞ்சுப் பெண்கள் கற்றிருந்ததை நேரிற் கண்ட சிப்பாய்களுட் சிலர், தம் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு வற்புறுத்தி எழுதினார்கள். அக்கடிதப் போக்குவரத்தின் குறையை அவர்களைவிடத் தெளிவாக உணர்ந்தவர்களும், அதற்குத் தக்க பரிகாரத்தைக் கூறியவர்களும் வேறெவருமில்லை.