பெயர்ப்பலகையின் லட்சணம்

இணையதளத்துக்குத் தக்க உருவத்தைத் தேடுவோர், மாதிரி மேல் மாதிரியாகத் திரையில் புரட்டிச் சலிப்பதற்கு முன்னால், சிங்கப்பூரில் 1987 டிசம்பரில் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையைச் சற்றே நின்று பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான ரோமன் லிபியும், சீனமும், தமிழும் அங்கே சண்டையின்றி வாசம் செய்கின்றன. அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது. ‘தஞ்சோங்’ என்பதை மட்டும் கவனியுங்கள்: சகரத்துக்கு முன்னே கொம்பு, பின்னே கால், இருமருங்கும் ஞகர ஙகரங்களின் தலைமேல் புள்ளி. இத்தனைக்கும் இடம் விட்டால்தான் சொல் தெளிவாக நிற்கும். இணையதளத்திலும் அப்படித்தான்: ஆங்கிலத்துக்கென வகுத்த வரி இடைவெளியில் தமிழைத் திணித்தால், மேல்வரியின் வால்கள் கீழ்வரியின் புள்ளிகளோடு மோதி, வாசகர் கண்ணைக் கசக்கிக்கொள்ள நேரிடும். வர்ணத்தையும் படத்தையும் வாரக்கணக்கில் விவாதிக்கும் கனவான்கள் இந்தச் சூட்சுமத்தை அற்ப விஷயமென்று ஒதுக்குவது விசித்திரந்தான். 1995-இல் இதே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றியபோது, எழுத்துருவுக்கும் அவரே உழைக்க வேண்டியிருந்தது. இன்றோ அது கணினியோடு இலவசமாகவே வருகிறது. ஆகவே, வடிவமைப்பாளர்களே, முதலில் எழுத்தையும் வரி இடைவெளியையும் தீர்மானியுங்கள். வர்ணம் பிறகு வரட்டும்.