மானம் தெரியாத சிட்டி

'எந்திரன்' பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், எனக்கு நேரம் போவதே தெரியாது. 2010 அக்டோபரில் குரோம்பேட்டையில் விசில் சத்தத்துக்கு நடுவே பார்த்தபோது அது எனக்கு ரஜினி படம், அவ்வளவுதான். அண்மையில் சேலையூர் வீட்டில் மகளோடு மறுபடி பார்த்தேன். அசந்து போய்விட்டேன்! மனுஷன் என்றால் யார் என்று தமிழ் சினிமா இவ்வளவு அழகாக வேறெங்கும் கேட்டதில்லை.

அந்தத் தீ விபத்துக் காட்சியைச் சொல்லியே ஆகவேண்டும். எரிகிற கட்டடத்துக்குள் புகுந்து ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது சிட்டி என்ற ரோபோ. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து, கூட்டத்துக்கும் டிவி கேமராக்களுக்கும் முன்னால் நிறுத்துகிறது. அதன் கணக்கில் ஓர் உயிர் பிழைத்தது, வேலை முடிந்தது. அந்தப் பெண்ணோ கூனிக் குறுகி ஓடி, வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். புரட்டுகிற வேகத்திலேயே புத்தகங்களை மனப்பாடம் செய்கிற இயந்திரத்துக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை. இந்த இடத்தில் என் மகள் மூச்சுக்கூட விடவில்லை.

அதன் பிறகுதான் சிட்டியை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரன் அதற்கு உணர்ச்சிகளைக் கற்றுக்கொடுக்கிறார். உணர்ச்சி வந்ததும் காதல் வருகிறது, பொறாமை வருகிறது, எல்லா வினையும் வருகிறது. படைத்தவனுக்கும் படைப்புக்கும் ஒரே முகம் என்பது எப்பேர்ப்பட்ட யோசனை! பிற்பாதியில் வசீகரனே ரோபோ வேஷம் போட்டு ரோபோக்களுக்கு நடுவே ஒளிந்து நிற்க, அவரைச் சிட்டி தேடி அலைகிறதே, அந்த ஒரு காட்சிக்காகவே இயக்குநர் ஷங்கருக்கும் ரஜினிக்கும் கோடி கும்பிடு போடலாம்.

வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு. வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கிருந்த பொறியாளர் அவர். 'என் இனிய இயந்திரா' நாவலில் ஜீனோ என்ற ரோபோ நாயை எப்போதோ பேச வைத்தவர். படம் வெளிவருவதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். திரையில் சிட்டியை அவர் பார்க்கவில்லையே என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

இப்போது தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறினால் செயற்கை நுண்ணறிவைத் தவிர வேறு பேச்சே இல்லை. எந்திரனுக்கு இசையமைத்த ரகுமானே 2024-இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களையும், குடும்பத்தார் சம்மதத்தோடு, அந்தத் தொழில்நுட்பத்தால் பாட வைத்துவிட்டார். குரல் அவர்களுடையது, பாடியது யார்? சிட்டி கிளப்பிய கேள்வி இன்னும் அடங்கவில்லை.

கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன் பாகங்களைத் தானே கழற்றி வைக்கிற கட்டம் வரும்போது எழுந்து போய்விடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, 2030-இல் அருங்காட்சியகத்தில் நடக்கிற கடைசிக் காட்சி வரைக்கும் பாருங்கள்.