புரூட்டஸின் காசைத் திருப்பினால்

சீசரைக் கொன்ற புரூட்டஸ், தன் படைக்குச் சம்பளம் கொடுக்க கி.மு. 43-42இல் அடித்த வெள்ளிக்காசைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் பின்பக்கத்தைத்தான் புகழ்கிறார்கள். இரண்டு குத்துவாள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே கொலை நடந்த மார்ச் 15ஐச் சொல்லும் எழுத்து. கச்சிதமான வடிவம்தான், மறுக்கவில்லை. ஆனா கொஞ்சம் திருப்பிப் பாருங்க. முன்பக்கத்தில் புரூட்டஸின் தலை!

உயிரோடு இருக்கும்போதே ரோமின் காசில் முகம் பதித்த முதல் ரோமானியர் சீசர், கி.மு. 44இல். அதுவரை அது கிரேக்க மன்னர்கள் செய்கிற வேலை. கி.மு. 54இல் இதே புரூட்டஸ் அடித்த காசில் இருந்தது விடுதலைத் தேவதையின் தலை.

காலம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். ஆண்டனியும் ஆக்டேவியனும் முகம் போட்டார்கள். போகட்டும், அவர்கள் சீசரின் ஆட்கள். கூடவே நின்ற காசியஸ் கடைசிவரை போடவில்லையே? அவர் காசுகளில் தேவதைதான். சிப்பாய்க்குச் சம்பளம் தருபவன் முகம் தெரிந்தால் போதும் என்றால், பின்பக்கத்தில் தொப்பி எதற்கு?

நான் பொறியாளன். டையில் முகம் தானாக வந்து விழாது. யாரோ பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கணும்.