வீட்டு மின்சாரமும் அச்ச மெய்ப்பாடும்: ‘பல்ஸ்’ (1988) திரைப்படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1988ஆம் ஆண்டு வெளிவந்த ‘பல்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம், ஒரு வீட்டுக்கு வரும் மின்சாரம் அவ்வீட்டாரையே கொல்ல முனைவதைக் கதையாகக் கொண்டது. இப்படம் எழுப்பும் அச்சம் எவ்விடத்துப் பிறக்கிறது என்ற வினாவை, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அச்சத்தின் நான்கு நிலைக்களன்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒத்த கருவுடைய பிற படங்கள் மின்சாரத்தையும் பொறிகளையும் பேயாகவோ விலங்காகவோ கொலைஞனாகவோ மாற்றிக்கொள்கின்றன. இப்படமோ மின்சாரத்தை ‘இறை’ என்னும் நிலைக்களனில் நிறுத்துகிறது என்பதும், அந்நிலையிலிருந்து விலகும் இடங்களிலேயே படம் தளர்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

திறவுச் சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், மருட்கை, இறை, மின்சாரம், திகில் திரைப்படம்.

முன்னுரை

மெய்ப்பாட்டுக் கோட்பாட்டைத் திரைப்படத்தோடு பொருத்தும்போது நேரக்கூடிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. எட்டு மெய்ப்பாடுகளையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சியை எடுத்துக்காட்டி முடித்துவிடலாம். நகைக்கு ஒரு காட்சியும் அழுகைக்கு ஒரு காட்சியும் எந்தப் படத்திலும் கிடைக்கும். ஆதலால் அத்தகைய பொருத்தம் எடுத்துக்கொண்ட படத்தைப் பற்றித் தனியே எதனையும் சொல்வதில்லை. கோட்பாடு பயன்பட்டது என்று கூற வேண்டுமாயின், அது இன்றிக் காண இயலாத வேறுபாடு ஒன்றினை அது காட்டியிருத்தல் வேண்டும். இக்கட்டுரை அச்சம் என்னும் ஒரே மெய்ப்பாட்டை எடுத்துக்கொண்டு, அதனோடு தொடர்புடைய அளவில் மருட்கையையும் தொட்டு, ஒரே படத்தில் நின்று பார்க்க முயல்கிறது.

படமும் படைப்பாளரும்

பால் கோல்டிங் எழுதி இயக்கிய இப்படத்தின் கதைக்களம் லாஸ் ஏஞ்சலஸின் புறநகர்க் குடியிருப்பு ஒன்று. பெற்றோர் மணமுறிவு பெற்றுவிட்ட டேவிட் என்னும் சிறுவன் (ஜோயி லாரன்ஸ்), தந்தை பில் (கிளிஃப் டி யங்), அவருடைய இரண்டாம் மனைவி எலன் (ராக்சான் ஹார்ட்) ஆகியோருடன் சில நாள் தங்க வருகிறான். அத்தெருவில் ஒரு வீடு ஏற்கெனவே சிதைந்து கிடக்கிறது. மின்கம்பிகளின் வழியே வீடு விட்டு வீடு செல்லும் ஏதோ ஒன்று அதனை அழித்துவிட்டு இப்போது பில்லின் வீட்டுக்குள் புகுந்துள்ளது. அது என்ன, எங்கிருந்து வந்தது என்பதற்குப் படம் இறுதிவரை விடை தருவதில்லை. விடை தராமை குறையாகத் தோன்றலாம். இப்படத்தின் துணிவே அதில்தான் உள்ளது எனலாம்.

கோல்டிங் 1960களில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்றவர். அங்கு உடன் பயின்ற ஜார்ஜ் லூகாஸுடன் இணைந்து 1966இல் ‘ஹெர்பி’ என்னும் குறும்படத்தை உருவாக்கினார். அதில் கதையோ மாந்தரோ இல்லை. இரவு நேர நகர விளக்குகளின் ஒளி மகிழுந்தின் பளபளப்பான உடலில் பட்டு நெளிவதே அதன் முழுப்பொருள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த ‘பல்ஸ்’ படத்தில், பொருள்களின் மேற்பரப்பை மாந்தரின் முகத்தைப் போலக் கூர்ந்து நோக்கும் அதே கண்ணைக் காண முடிகிறது.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் என்னும் நான்கும் அச்சம் பிறக்கும் இடங்களாக மெய்ப்பாட்டியல் கூறுகிறது. இந்நான்கையும் கையில் வைத்துக்கொண்டு ‘பல்ஸ்’ படத்தின் காலத்தை ஒட்டிய சில அமெரிக்கப் படங்களை நோக்கினால், ஒரு பாகுபாடு தானே அமைந்துவிடுகிறது. டோப் ஹூப்பர் இயக்கிய ‘பொல்டர்கைஸ்ட்’ (1982) புறநகர் வீட்டின் தொலைக்காட்சித் திரையிலிருந்து ஆவிகள் வெளிப்படுவதைக் காட்டுகிறது. வீடு இடுகாட்டின் மேல் கட்டப்பட்டது என்பது அதற்குரிய காரணம். இஃது அணங்கு. ஸ்டீபன் கிங் இயக்கிய ‘மேக்ஸிமம் ஓவர்டிரைவ்’ (1986) படத்தில் வால்மீன் ஒன்றின் தாக்கத்தால் பொறிகள் உயிர்பெறுகின்றன. சரக்குந்துகள் மனிதரை வளைத்துக்கொண்டு மந்தையாகச் சுற்றுகின்றன. இது விலங்கு. வெஸ் கிரேவனின் ‘ஷாக்கர்’ (1989) மின் நாற்காலியில் தண்டிக்கப்பட்ட கொலைஞன் மின்சாரமாகித் திரிவதைச் சொல்கிறது. ‘கோஸ்ட் இன் தி மெஷின்’ (1993) படத்திலும் தொடர்கொலை செய்பவன் ஒருவனே மின்வலைக்குள் புகுந்து சமையலறைக் கருவிகளைக் கொண்டு கொல்கிறான். இவ்விரண்டும் கள்வர்வழிப் பிறக்கும் அச்சம்.

‘பல்ஸ்’ இம்மூன்றிலும் அடங்கவில்லை. மின்சாரம் கண்ணுக்குப் புலனாகாத வருத்தும் ஆற்றல். ஆகவே அதுவும் அணங்கே என ஒருவர் மறுக்கலாம். ஆனால் பண்டை இலக்கியத்தில் அணங்கு பெரும்பாலும் ஓர் இடத்தில் உறைவது. மலை, சுனை, கடல்துறை என அதற்கு இருப்பிடம் உண்டு. அவ்விடத்தை விலகிச் செல்லலாம், வழிபட்டுத் தணிக்கலாம். மின்சாரமோ விண்ணப்பம் செய்து, இணைப்புப் பெற்று, மாதந்தோறும் கட்டணம் செலுத்தி வீட்டுக்குள் வரவழைக்கப்படுவது. அதனை விலகிச் செல்ல ஓரிடமும் இல்லை. சமைத்தல், குளித்தல், உறங்குதல் ஆகிய அனைத்தும் அதன் ஒழுங்குக்குள் நடைபெறுகின்றன. ஒருவர் எதன் ஆணைக்கும் காப்புக்கும் உட்பட்டு வாழ்கிறாரோ அதனை இறை என விரித்துப் பொருள் கொள்ளலாமாயின், இப்படத்தின் மின்சாரம் நான்காம் நிலைக்களனுக்கே உரியது. லாஸ் ஏஞ்சலஸ் மாநகரில் குடிநீர், மின்சாரம் இரண்டையும் மாநகரத்துக்குச் சொந்தமான ஒரே துறை வழங்கி வருவதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நுண்காட்சிகளும் மருட்கையும்

இப்படத்தை ஒருமுறை பார்த்தவர்க்கும் மறவாதவை, மின்கருவிகளின் உள்ளே நிகழ்வனவற்றைப் பெருக்கிக் காட்டும் நுண்காட்சிகள். இவற்றைப் படம்பிடித்தது இங்கிலாந்தைச் சேர்ந்த ஆக்ஸ்ஃபர்ட் சயன்டிஃபிக் ஃபிலிம்ஸ் என்னும் நிறுவனம். பூச்சிகள், செடிகள் முதலியவற்றின் வாழ்வை அணுகிப் படமெடுத்துப் பெயர்பெற்ற நிறுவனம் அது. இத்தேர்வு தற்செயலானதாக இருக்க முடியாது. எறும்புப் புற்றினுள் நுழைந்து பழகிய ஒளிப்படக் கருவி, தொலைக்காட்சிப் பெட்டியின் மின்சுற்றுப் பலகைக்குள் நுழைகிறது. பற்றாசு ஈயம் இளகிப் பளபளத்து ஓடுகிறது. இணைப்புகள் அறுந்து வேறு இணைப்புகள் உருவாகின்றன.

மருட்கைக்கு நிலைக்களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினை மெய்ப்பாட்டியல் வகுத்துள்ளது. மிகப் பெரியதைக் கண்டு வியப்பது எவர்க்கும் விளங்கும். மிக நுண்ணியதும் வியப்பைத் தரும் என்று அந்நூல் கண்டிருப்பது கூர்ந்த நோக்கு. ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாகத் திரிவது. மின்சுற்றுப் பலகைக் காட்சிகளில் சிறுமையும் ஆக்கமும் ஒருங்கே அமைந்துள்ளன. பார்வையாளர் முதலில் அஞ்சுவதில்லை, வியக்கிறார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு ஏறத்தாழ 183 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். ஆதலால் திரையில் காண்பது பொறியியல்படி நடவாத ஒன்றும் அன்று. அறைக்குள் சிறுவன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறான், பெட்டிக்குள் வேறொன்று அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது என்ற அறிவு சேரும்போதுதான் வியப்பு அச்சமாகிறது. மருட்கையை அச்சத்துக்கு வாயிலாக்கிய இம்முறை, திடீர் ஓசையால் பார்வையாளரைத் துள்ளவைக்கும் உத்தியினும் பன்மடங்கு உயர்ந்தது.

காப்பும் பிழையும்

வீட்டு மின்னமைப்பில் உருகியும் மின்சுற்று முறிப்பானும் காப்புக்கென அமைந்தவை. எதனைக் காக்க என்பதே வினா. அமெரிக்க வீடுகளின் பொதுவான மின்சுற்றுகளில் முறிப்பான்கள் 15 அல்லது 20 ஆம்பியர் அளவுடையவை. மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டம் போதும். அதாவது ஒருவர் மின்தாக்குதலால் இறப்பதை முறிப்பான் உணர்வதே இல்லை. அது காப்பது கம்பியை. கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதன் வழியாகக் கட்டடத்தை. மனித உடலைக் கருத்திற்கொண்டு, சில மில்லி ஆம்பியர் கசிவையும் உணர்ந்து நிறுத்தும் கருவியைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் உருவாக்கியது 1960களில்தான். அதற்குள் பல தலைமுறை வீடுகள் மின்னிணைப்புப் பெற்றுவிட்டன. குடியைக் காப்பதாக நம்பப்படும் ஒன்று தன் ஆட்சிப் பரப்பை மட்டுமே காக்கிறது என்ற இவ்வுண்மையைப் படம் விளக்கிச் சொல்லவில்லை; ஆயினும் அதன் அச்சம் இவ்வுண்மையின் மேல்தான் நிற்கிறது.

சிறுவனுக்கு அவ்வீட்டில் மற்றுமோர் இறை உண்டு. அவர் தந்தை. வீடு தந்தையுடையது, டேவிட் அங்கு விருந்தினன். தான் கண்டதை அவன் கூறும்போது, பெற்றோர் பிரிவால் மனம் வருந்திய பிள்ளையின் கற்பனை என்ற விளக்கம் பெரியவர்களிடம் ஆயத்தமாக இருக்கிறது. அவன் சொல்லுக்குச் செவிசாய்ப்பவரைப் போல் தோன்றுபவர் சார்லஸ் டைனர் ஏற்றுள்ள முதியவர் ஒருவரே. அவரை நம்புவோரும் தெருவில் இல்லை. கம்பிவழி வரும் ஆற்றலையும் குடும்பத் தலைவரின் சொல்லையும் ஒரே வகையான நம்பிக்கையால் ஏற்றுக்கொண்ட இல்லத்தில், ஐயுறுபவன் பிள்ளையாக இருப்பது பொருத்தமானது. அவன் இன்னும் அவ்வீட்டுக்குப் பழகவில்லை.

இங்கே மெய்ப்பாட்டியல் வகைப்பாட்டை ஒரு கேள்விக்கு உட்படுத்த வேண்டியுள்ளது. இறைவழிப் பிறக்கும் அச்சத்தைப் பிழை செய்தவன் தண்டனைக்கு அஞ்சும் அச்சமாகக் கொள்வதே இயல்பு. ‘பொல்டர்கைஸ்ட்’ படத்தில்கூடப் பிழை உண்டு: கல்லறைக் கற்களை மட்டும் அகற்றிவிட்டு உடல்களை அங்கேயே விட்டு வீடு கட்டிய பேராசை. பில்லின் குடும்பம் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. அவர்கள் வீடு அத்தெருவில் அடுத்து இருந்தது, அவ்வளவே. ஆகவே இவ்வச்சத்துக்கு நெருங்கிய விளக்கம் தொல்காப்பியத்தைவிடத் திருக்குறளில் கிடைக்கிறது. குடிகள் வெருவத்தக்கவற்றைச் செய்யும் ஆட்சியைப் பற்றி வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். கொடுங்கோன்மை அதிகாரத்தை அடுத்து அது வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது. பிழையின்றி வரும் தண்டனைக்கு அஞ்சுதல் என்பது குடியின் உள்ளத்தைவிட ஆட்சியின் தன்மையைப் பற்றியது. நான்காம் நிலைக்களனை இவ்விரு கூறாகப் பிரித்துக்கொள்வது இக்காலப் படைப்புகளை ஆராய்வோர்க்குப் பயன்தரும்.

படம் தளரும் இடங்கள்

எலன் குளிக்கும்போது நீர் கொதிநீராகி அவளைச் சுட்டுவிடும் காட்சி, இக்கட்டுரையின் நோக்கில் படத்தின் உச்சம். அங்கே பறக்கும் பொருளும் இல்லை, பேசும் பொறியும் இல்லை. நீர் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டினாலே சில நொடிகளில் தோல் வெந்துவிடும். வீட்டு வெந்நீர்க் கலனுக்கு அவ்வெப்பம் அரியதன்று. அன்றாடம் கிடைக்கும் வசதி ஒன்று தன் அளவைச் சற்று மீறுகிறது, அவ்வளவே. இறை தன் கோலைச் சற்றே சாய்ப்பது போன்றது இது.

இறுதிப் பகுதியில் இவ்வடக்கம் கைவிடப்படுகிறது. தந்தையும் மகனும் வீட்டினுள் சிக்கிக்கொள்ள, மின்சாரம் அவர்கள் நிற்கும் இடமறிந்து பதுங்கித் தாக்குவது போல் நடந்துகொள்கிறது. நான்காம் நிலைக்களனில் தொடங்கிய படம் இரண்டாவதற்கு, அதாவது விலங்குக்கு இறங்கிவிடுகிறது. முகமற்றதாக இருந்தவரை அஞ்சத்தக்கதாக இருந்தது, வேட்டையாடத் தொடங்கியதும் வெல்லத்தக்கதாகிவிடுகிறது.

இதனினும் பெரிய குறை எலனைப் பற்றியது. தந்தை மகன் உறவு மீண்டும் ஒன்றுபட வேண்டும் என்பது திரைக்கதையின் விருப்பம். அதற்கு இடையில் நிற்பவள் இரண்டாம் மனைவி. மின்சாரம் அவளைக் கடுமையாகக் காயப்படுத்திவிட, இறுதிப் போராட்டம் ஆண்கள் இருவருக்கு உரியதாகிறது. திரைக்கதைக்கு வேண்டிய இடமாற்றத்தை மின்சாரமே செய்து கொடுத்துவிட்டது. வீட்டுப் பொறிகளோடு நாள் முழுதும் கூடி வாழ்பவர் பெரும்பாலும் இல்லத்துப் பெண்டிரே என்னும் நிலை இருந்த காலத்துப் படம் இது. அப்பொறிகளின் மாறுபட்ட ஒலியையும் சூட்டையும் அவளே முதலில் அறிந்திருக்கக் கூடும். அவள் என்ன அறிந்தாள் என்று அறியும் வாய்ப்பைப் படம் குளியலறையிலேயே விட்டுவிடுகிறது.